திறந்திருந்ததாக நான் வரைந்த கதவு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஒரு மணி நேரம் பெர்ஸ்பெக்டிவ் பற்றிப் பேசச் சொல்லி அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். கண்மட்டக் கோடு எங்கே வரும், மறைபுள்ளியை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். மறந்துவிட்டாலும் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் நான் அதைப் பேசப்போவதில்லை. முப்பத்தோரு வருடம் இந்த வேலையில் இருந்தேன். அதில் ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை விட்டுவிட்டு வேறு எதைச் சொன்னாலும் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

நான் சேர்ந்தபோது நம் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. சமையலறை, ஷோகேஸ், பூஜை அலமாரி. பிளானைக் கொடுத்தால் வீட்டுக்காரர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். அதே அறையை, நேரில் நின்று பார்ப்பது போலப் பெர்ஸ்பெக்டிவில் வரைந்து காட்டினால் உடனே கை நீட்டி, “இந்த இடத்துல டிவி வெச்சுடுங்க” என்பார்.

முதல் வருடம் முழுக்க நான் வரைந்த நாற்காலிகள் தரையில் நிற்கவில்லை. நான்கு கால்களும் நான்கு திசையில் போகும். முதலாளி பார்த்துவிட்டு, “யாராவது உக்காந்தா கேஸ் ஆயிடும்மா” என்று கிழித்துப் போடுவார். ஒரு வழியாக நாற்காலிகள் நிற்கத் தொடங்கியபோது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு படுக்கையறையை வரையக் கொடுத்தார். பத்துக்கு ஒன்பது அடி. எப்படி வரைந்தாலும் அடைத்துக்கொண்டு தெரிந்தது.

“உள்ள நின்னு வரைஞ்சா அப்படித்தான் இருக்கும். சுவத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னு வரை” என்றார்.

சுவரே இல்லாதது போல நினைத்துக்கொண்டு பத்தடி பின்னால் போய் வரைந்தேன். அறை கல்யாண மண்டபம் போல விரிந்தது. வீட்டுக்காரர்கள் மகிழ்ந்துபோய்ப் பெரிய கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். அதன் பிறகு அலமாரிக் கதவைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்து, “படத்துல எல்லாமே இருந்துச்சே மேடம்” என்றார். அவர் போனபின் நாங்கள் சிரித்தோம். பிளானோடு மனிதர்கள் வாதாடுவார்கள், படத்தை மட்டும் நம்பிவிடுவார்கள் என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டதுதான் பிசகு.

சில வருடங்களில் வேறு வகை வேலையும் வர ஆரம்பித்தது. விபத்து நடந்த இடங்களைப் பார்வையிடும் இன்சூரன்ஸ் சர்வேயர்கள் படம் கேட்பார்கள். தண்ணீர் புகுந்த கிடங்கு, கூரை விழுந்த கடை. போட்டோ இருக்கும்தான். ஆனால் விபத்துக்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்று போட்டோ காட்டாது. அதை நாங்கள் விசாரித்து வரைந்து கொடுப்போம். அப்படித்தான் பம்மலுக்குப் போனேன்.

ஒரு வீட்டின் மாடியில் கைப்பையும் பர்ஸும் தைக்கும் சிறிய பட்டறை. நீளமான ஒரே அறை. தெருப்பக்கம் வாசலும் மாடிப்படியும். எதிர்க் கோடியில் ஒரு பின்கதவு, அதற்கு வெளியே இரும்பு ஏணிப்படி. நடுவில் வரிசையாகத் தையல் மிஷின்கள். ரெக்சினை ஒட்டுகிற சொல்யூஷன் டின்னில் ஒரு மதியம் தீப்பிடித்திருக்கிறது. ஐந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான்கு பேர் வெளியே வந்தார்கள். பின்கதவை ஒட்டிய கடைசி மிஷினில் தைத்த லோகா என்கிற பெண் வரவில்லை.

நான் போனது நான்காம் நாள். சுவர், கூரை எல்லாம் கரி. எரிந்ததையெல்லாம் மூட்டை கட்டி வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். பின்கதவு இருந்த இடத்தில் வெறும் சட்டம்தான் நின்றது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வெளியிலிருந்து உடைத்து நுழைந்திருந்தார்கள்.

“அந்தக் கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும் மேடம், காத்துக்காக” என்றார் பட்டறைக்காரர். வெள்ளைச் சட்டை, சிவந்த கண்கள். அவர் அழுதுகொண்டிருந்தார், அது நடிப்பு இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அந்தம்மாவும் வந்திருக்கலாம், மூணு தப்படிதான். போன் எடுக்கத் திரும்பிப் போயிருக்கு. என்ன பண்றது சொல்லுங்க.”

நான் எங்கே போனாலும் கண்ணில் படுவதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்வேன். அன்றும் குறித்தேன். பின்கதவுக்கு முன்னால் சிமெண்ட் தரையில் ஒரு நீள்சதுரம் மட்டும் கரி படியாமல் வெளுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், கோணல்மாணலாக, அதே நீளத்தில் இரண்டு பட்டைகள்.

“இங்க ஏதாவது வெச்சிருந்தீங்களா?”

“ஒண்ணும் இல்ல மேடம். சாக்கு கீக்கு கெடந்திருக்கும்.”

கூட வந்திருந்த சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்கு ரிப்போர்ட் போகணும் மேடம். அவர் சொல்றபடி போட்டுடுங்க, பாத்துக்கலாம்.” தப்பித்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றேன். ஒருவர் கையெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மற்றவர்கள் பேசும் நிலையில் இல்லை என்றார். நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் அந்த வாடையிலிருந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது.

மறுநாள் மதியத்துக்குள் படத்தை முடித்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல படங்களில் ஒன்று. மிஷின்களின் வரிசை பின்கதவை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். கதவு விரியத் திறந்திருக்கும். அதன் வழியாக வெயில் விழுந்து கடைசி மிஷினின் கால் வரைக்கும் வந்திருக்கும். அந்த வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. படம் அழகாக இருக்கட்டும் என்று நானாகப் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, “உள்ள போய் நின்ன மாதிரி இருக்கும்மா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, சுரிதார் துப்பட்டாவால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதை என் மேஜையில் நழுவவிட்டு, எடுத்துப் பார்க்கும்படி முகத்தால் காட்டினார். உள்ளே என் படத்தின் ஜெராக்ஸ்.

“இத போட்டது நீங்களா மேடம்?”

“ஆமா.”

“நீங்க அங்க எப்பனா வந்து கீறீங்களா?”

“தீப்பிடிச்சதுக்கு அப்புறம் வந்தேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“இல்ல.”

“நான் ஒம்போது வருசம் அங்க தெச்சேன். அந்தக் கதவு தொறந்து ஒரு நாளு பாத்ததில்ல மேடம். அத்தினி ரெக்சின் ரோலும் அங்கதான் அடுக்கி வெச்சிருக்கும். மாரு ஒசரத்துக்கு.”

அவர் பெயர் ஸ்டெல்லா. லோகாவுக்கு முந்தின மிஷின் அவருடையது. தீப்பிடித்த டின் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அதைத் தூக்கி எறியப் பார்த்ததில்தான் கைகள் போயின. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து லோகாவின் புருஷனைப் பார்க்கப் போயிருக்கிறார். சேகர் என்று பெயர், பம்மலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பட்டறைக்காரர் ஏற்கெனவே என் படத்தில் ஒரு காப்பியை அவரிடம் கொடுத்து, உன் பெண்டாட்டி வந்திருக்கலாம், போனுக்காகத் திரும்பிப் போனாள் என்று விளக்கியிருந்தார்.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு மேடம். படத்துல தெளிவா கீது, நீ பொகையில மயங்கிட்டு இன்னாவோ சொல்றன்றாரு. தெனம் அவள திட்டிக்கினு கீறாரு. பெத்த பொண்ணு எதிர்ல. ஒரு போனுக்காக எங்கள உட்டுட்டுப் போய்ட்டா பாருன்னு. கேசுக்காக நான் வர்ல. அந்தத் திட்டு நிக்கணும். மாத்திப் போட்டுக் குடுங்க.”

நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெளுத்த நீள்சதுரம். பக்கத்தில் கோணலாக இரண்டு பட்டைகள். ரோல் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டேன். நாலரை அடி என்றார். நான் குறித்திருந்த அளவும் அதுதான். அடுக்கியிருந்த இடத்தில் தரை எரியாமல் தப்பியிருக்கிறது. அப்படியானால் அந்த இரண்டு பட்டைகள்?

“இழுத்துப் போட்டா மேடம். கதவத் தொறக்க” என்றார் ஸ்டெல்லா. “அவ போன் எடுக்கப் போகல. இந்தாண்ட வர வழியில்ல, நடுவுல நெருப்பு. அந்தாண்ட திரும்பி ரோல இழுத்துக்கினு இருந்தா. நான் பாத்தேன்.”

திறந்தே இருந்த கதவைத் தீயணைப்புக்காரர்கள் ஏன் உடைக்க வேண்டும் என்றுகூட நான் அன்று கேட்கவில்லை. ஆறு மாதமாக அந்த இரண்டு பட்டைகள் என் மேஜை இழுப்பறையில் இருந்திருக்கின்றன. என் கையாலேயே குறித்தவை.

ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புதிய தாளில் ஆரம்பித்தேன். அறையை வரையும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். எங்கிருந்து பார்த்தீர்கள்?

“என் மிஷினாண்டதான்.”

அந்த இடத்திலிருந்து கோடுகளை இழுத்தேன். அவருடைய மிஷினுக்குப் பின்னால் தைத்த பைகளை அடுக்கும் ஒரு இரும்பு ரேக் இருந்ததாக அவரே சொல்லியிருந்தார். அதை வைத்ததும் பின்கதவின் கீழ்ப்பாதி மறைந்துவிட்டது. ரோல்கள் தரையில் விழுந்ததை அங்கிருந்து யாராலும் பார்த்திருக்க முடியாது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “இங்கேருந்து பாத்தா ரேக் மறைக்குமே ஸ்டெல்லா.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வாசல்ல” என்றார். “வாசல்ல நின்னு பாத்தேன்.”

தாளை மாற்றினேன். கண்மட்டத்தை நிற்கிற பெண்ணின் உயரத்துக்குக் கொண்டுவந்து, வாசலிலிருந்து அறையை வரைந்தேன்; அங்கிருந்து ரேக் பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டது. இந்த முறை மூடிய கதவு, மார்பளவு ரோல்கள், கீழே கோணலாகக் கிடக்கும் இரண்டு. லோகாவையும் போடுங்கள் என்று ஸ்டெல்லா கேட்டார். மறுத்துவிட்டேன். அவரை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை அந்த அறையில் இன்னொரு முறை வரைய எனக்குத் துணிவில்லை.

முதலாளியிடம் போய் இதைச் சர்வேயருக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “குடுத்த படம் குடுத்ததுதான்மா. ரெண்டாவதா ஒண்ணு குடுத்தா, முதல் படம் பொய்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் எந்த சர்வேயர் இங்க படி ஏறுவான்?” என்றார்.

“முதல் படம் பொய்தானே சார்.”

“பட்டறைக்காரன் சொன்னான், போட்டோம். பொய் அவனோடது.”

“அவர் கதவு மட்டும்தான் சார் சொன்னாரு. வெயில நான்தான் போட்டேன்.”

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. என் பெயரில் அனுப்பிக்கொள்கிறேன், அலுவலகம் பெயர் வேண்டாம் என்றேன். தோளைக் குலுக்கினார். சர்வேயர் போனில், “ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம், விட்ருங்க” என்றார். நோட்டுப் பக்கத்தின் நகல், இரண்டாவது படம், என் தவறை ஒப்புக்கொள்ளும் ஒரு கடிதம் மூன்றையும் பதிவுத் தபாலில் அவருக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பினேன். கோப்பில் சேர்த்துக்கொண்டதாக ஒரு வரி பதில் ஒரு இடத்திலிருந்து மட்டும் வந்தது. மறுபடி யாரும் விசாரிக்கவில்லை. தப்பித்த மற்ற மூன்று பேரும் பட்டறைக்காரரின் இன்னொரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பட்டறைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் சர்வேயர்கள் வேலையும் எனக்கு வரவில்லை. முதலாளி சொன்னது சரிதான்.

இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்க்காததை முழுக்கோட்டில் வரையாதீர்கள். யாராவது சொல்லி வரைந்தால் புள்ளிக்கோட்டில் போட்டு, சொன்னது யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். படம் அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அவசரம் என்று யாராவது கடிகாரத்தைப் பார்த்தால், அவருக்கு என்ன அவசரம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அன்று நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

மீதியையும் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவும் நானும் சேகர் வீட்டுக்குப் போனோம். பம்மலில் ஒற்றை அறை வீடு. சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார் ஸ்டெல்லா, வெள்ளைப் புடவை. சேகர் காக்கிச் சட்டையில் பொத்தான் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னேன். முதல் படத்தைப் போட்டது நான், அது தப்பு என்று சொன்னேன். நோட்டைக் காட்டினேன், புதிய படத்தைக் கையில் கொடுத்தேன்.

அவர் அதை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார்.

“கதவு மூடிக்கினு இருந்துச்சா?”

“ஆமாங்க.”

“அப்ப போனு?”

“போன் எடுக்கப் போகலண்ணா” என்றார் ஸ்டெல்லா. “அன்னிக்கே சொன்னேனே.”

“கத்துனாளா?”

ஸ்டெல்லா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவே பதிலாகிவிட்டது.

அவர் சமாதானமாவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படி நடக்கவில்லை. திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டு வந்தது போல என்னைப் பார்த்தார். “ஆறு மாசமா திட்டினேன் மேடம். சாப்பாட்டுல கை வெக்கறப்பலாம் திட்டினேன். இப்ப வந்து சொல்றீங்க” என்றார். குரல் உயரவில்லை. “இத அப்பவே போட்டிருந்தா இன்னா?”

நோட்டை மூடினேன்.

பள்ளிச் சீருடைப் பாவாடையும் வீட்டுச் சட்டையுமாக அவர் மகள் பவித்ரா சுவரோரம் நின்றிருந்தாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கையிலிருந்து படத்தை வாங்கி, தரையில் கிடந்த ரோல்கள் மேல் விரலை வைத்தாள்.

“இது எவ்ளோ வெயிட்டு இருக்கும் ஆன்ட்டி?” என்று ஸ்டெல்லாவைக் கேட்டாள்.

“ரெண்டு பேரு புடிச்சாத்தான் நவுத்த முடியும்.”

“அம்மா ஒண்டியா ரெண்ட நவுத்திட்டாங்களா?”

“ரெண்டு. மூணாவது கையில இருந்துச்சு.”

பெண் அழவில்லை. படத்தை நான்காக மடிக்கப் போனவள், மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். சேகர் எழுந்து, எங்களைத் தாண்டி வெளியே போய், தன் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கிளம்பும்போதும் அங்கேயே இருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வெயில் கொளுத்தியது. நிழல் இருந்த கடையோரம் நின்றோம். கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“மேடம், நான் அவளப் பாத்துட்டு ஓடுனது அந்தப் படத்துல தெரியுமா?”

“தெரியாது” என்றேன். “அதுல ரூம் மட்டும்தான் இருக்கு.”

அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இந்த வேலையில் நான் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான். எந்தப் படமாக இருந்தாலும் கோடுகளைப் பின்னால் நீட்டிக்கொண்டு போனால், பார்த்தவர் எங்கே நின்றார் என்று கண்டுபிடித்துவிடலாம். அந்தப் படத்தில் அவர் வாசலில் நிற்கிறார், கை வெந்துபோய், உள்ளே பார்த்துக்கொண்டு. நாளைக்கு, நான் இங்கே விட்டுப்போன பழைய கோப்புகளில் அதன் நகல் உங்கள் கைக்கு வந்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள்.